ஏ பக்கத்துக் கடைசிப் பாட்டு

"இந்தப் பாடலுக்கு இரண்டு ஒலிப்பதிவுகள் உண்டு. யாரும் கேட்டிராத இன்னொன்று என்னிடம் இருக்கிறது."

என் வலைப்பூவில் இப்படித்தான் தொடங்கினேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்தான் எனக்குப் பழக்கம். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் ஒரு பக்கத்தில் வரி வரியாக அடித்து, அதை வெட்டி வலைப்பூவில் ஒட்டுவேன். ஒரு பதிவு எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். கரண்ட் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

அப்போது வலைப்பூவில் பாட்டைப் பற்றியே எழுதிக்கொண்டு நாங்கள் முப்பது நாற்பது பேர் இருந்தோம். எல்லாருக்கும் ஒரே இசையமைப்பாளர்மீது பைத்தியம். ஒருவர் பதிவை இன்னொருவர் படிப்பார். பின்னூட்டத்தில் சண்டை போடுவார். மறுநாள் காலை அவரே முதல் ஆளாக வந்து நிற்பார். எனக்கு ராகத்தின் பெயர்கள் தெரியாது. இரண்டாம் சரணத்துக்கு முன் குழல் எந்த இடத்தில் நுழைகிறது, அதற்குப் பின்னால் எத்தனை வயலின் என்று தெரியும். அதை எழுதினால் அமெரிக்காவிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் வந்து, "நானும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன்" என்பார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் அப்பாவுக்கு வேலை, மில்லில் அக்காவுக்கு வேலை. இந்த ஊரில் என்னிடம் வந்து எதைப் பற்றியும் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அங்கே கேட்டார்கள்.

அந்த இன்னொரு ஒலிப்பதிவு அக்காவின் கேசட்டில் இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது, பேகம்பூரில் ஒரு ரிக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியது. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. அதைக் கேட்டே வளர்ந்தேன். கல்லூரி முடித்த பிறகு அதே பாட்டை ஒரு சிடியில் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. சிடியில் அந்தப் பாடகியின் குரல் கனமாக, வயதான குரலாக இருந்தது. எங்கள் கேசட்டில் அவர் சின்னப் பெண். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் நண்பனிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். அவன் விரல் வைத்துப் பார்த்து, "கேசட்டுல அரைக் கட்டை தூக்கலா இருக்குடா" என்றான். நேரத்தையும் பார்த்தேன். சிடியில் நாலு நிமிடம் இருபது நொடி. கேசட்டில் நாலு நிமிடம் ஐந்து நொடி.

போதாதா? முதலில் அரைக் கட்டை மேலே பாடிப் பதிந்திருக்கிறார்கள், பிறகு ஏதோ காரணத்துக்காக இறக்கிப் பாட வைத்திருக்கிறார்கள், முதல் ஒலிப்பதிவில் வாத்தியக்காரர்கள் துள்ளலாக வாசித்ததால் பதினைந்து நொடி குறைந்திருக்கிறது என்று ஒரு பெரிய பதிவாக எழுதிவிட்டேன்.

பின்னூட்டங்கள் குவிந்தன. அதில் இரண்டு பேரை மட்டும் சொன்னால் போதும். ஒருவர் பெங்களூரில் வங்கி அதிகாரி. இசையமைப்பாளரின் பாடல்கள் அனைத்தையும் பட்டியல் போட்டு, எது எந்த வருடம், எத்தனை வடிவம் என்று ஏழு வருடமாகத் தேடித் தேடித் தொகுத்துக்கொண்டிருந்தவர். எங்கள் எல்லாருக்கும் அவர் சொன்னால் அது தீர்ப்பு. அவர் எழுதினார்: "தம்பி, ஏழு வருடத்தில் இது என் கண்ணில் படவே இல்லை."

இன்னொருவர் சென்னையில் வயலின் வாசிப்பவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுருதி எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதே அளவுதான் வேகமும் ஏறியிருக்கிறதா? பார்த்துச் சொல்லவும்."

அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக மாறியது. "சங்கீதம் படித்தவர்களுக்கு மட்டும்தான் காது இருக்கிறது என்ற நினைப்பு எப்போது போகும்?" என்று பதில் போட்டேன். அதற்குக் கீழே ஆள் ஆளாக வந்து கைதட்டிவிட்டுப் போனார்கள். வயலின்காரர் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து பெங்களூர்க்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருடைய பட்டியல் புத்தகமாகிறது. அச்சுக்குப் போகும் பக்கம் ஒன்றை இணைத்திருந்தார். அந்தப் பாடலுக்குக் கீழே "இரண்டாம் ஒலிப்பதிவு உண்டு. கண்டறிந்தவர்" என்று போட்டு என் பெயர், அதற்குப் பக்கத்தில் திண்டுக்கல். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து ஒருமுறை கேட்டுவிட்டு, அங்கிருந்தே சென்னை போய், திங்கள் காலை அச்சகத்தில் சரி சொல்லப்போவதாக எழுதியிருந்தார். கேசட்டைக் கூரியரில் அனுப்ப வேண்டாம், வெயிலில் கெட்டுவிடும் என்றும் இருந்தது.

அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இதுல எதுப்பா உன் பேரு?" என்றார். காட்டினேன். அந்த இடத்துக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டார், தொடவில்லை. தோல் ஊறவைக்கும் தண்ணீரில் பழுப்பேறிய விரல். தாளில் பட்டுவிடுமோ என்று பயந்திருக்க வேண்டும்.

"புஸ்தகமா வருமா?"

"வரும்ப்பா."

"அப்ப சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை கேசட்டை எடுத்து, டேப் ரிக்கார்டரின் தலையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். மில்லிலிருந்து அக்கா வந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது. ஐந்தாவதோடு படிப்பு நின்றவள். என்னைக் கல்லூரியில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

"என்னடா, சாமி செலையத் தூக்குற மாதிரி தூக்குற?"

"அக்கா, இந்தக் கேசட்டுல கடைசிப் பாட்டு இருக்குல்ல, அது உலகத்துலயே நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. அதக் கேக்கத்தான் பெங்களூர்ல இருந்து ஆள் வர்றாரு."

"எது, ஏ பக்கத்துல கடைசியா வருமே, அதா?" அவள் சிரித்துவிட்டாள். "ஏலே, அது வேகமா ஓடுறதுல்ல?"

பஞ்சு கையிலேயே நின்றது.

"ஆறு பாட்டு எழுதிக் குடுத்தேன். கடைசிப் பாட்டுக்கு செத்த எடம் பத்தலைன்னாரு கடைக்காரரு. ஒன்ன எடுத்துரும்மான்னாரு. எதை எடுக்க? எல்லாம் புடிச்சுத்தான எழுதுனேன். முடியாதுன்னுட்டேன். ரிக்கார்டு பிளேயர் ஓரத்துல ஒரு பட்டை இருக்கும், அதைத் தள்ளிவிட்டாரு. பாட்டு விறுவிறுன்னு ஓடி அடங்கிருச்சு. 'காதுக்குத் தெரியாதும்மா'ன்னாரு. எனக்கா தெரியாது? கீச்சுக் கீச்சுன்னுல்ல இருந்துச்சு."

"ஏங்கா இத எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? என்னமோ கம்ப்யூட்டர்ல எழுதுறேன் எழுதுறேன்னுட்டு இருந்த. இந்தப் பாட்டத்தான் எழுதுறேன்னு எனக்கு யாரு சொன்னா?"

நான் இயற்பியல் பட்டதாரி. அதிர்வெண் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதி மார்க் வாங்கியவன். ஒரு தாளை எடுத்தேன். இருநூற்று அறுபது நொடியை இருநூற்று நாற்பத்தைந்தால் வகுத்தேன். ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு. அரைக் கட்டை ஏறினால் என்ன விகிதமோ, கிட்டத்தட்ட அதே எண். வயலின்காரர் கேட்டது இதைத்தான். இந்தக் கணக்கைப் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னடா, மொகம் ஏன் இப்பிடிப் போகுது?"

"யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்றேன்.

மறுநாள் காலை பேகம்பூர் போனேன். அக்காவுக்கு ஞாபகப் பிசகாக இருக்கலாம், வேறு ஏதோ பாட்டுக்கு நடந்ததை இதற்குச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. கடை இருந்தது. கேசட் இல்லை. மொபைல் உறைகள் தொங்கின, ரீசார்ஜ் போட நாலு பேர் நின்றார்கள். அதே ஆள்தான். தாடி நரைத்திருந்தது.

"பாய், நீங்க ரிக்கார்டிங் பண்ணப்ப, பாட்ட வேகமா ஓட்டிப் பதிவீங்களா?"

"ஏன் தம்பி, கேசட்டு சிக்கிருச்சா? இப்ப கொண்டாந்தா நான் என்னா பண்ண?"

"இல்ல பாய், சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"எல்லாத்துக்கும் பண்றதுதான. பாட்டு பாதில நின்னா வீட்டுக்குப் போன கையோட சண்டைக்கு வந்துருவாங்க. 'ஏன் பாய், சரணத்த நீங்க முழுங்கிட்டீங்களா'ம்பாங்க. லேசா ஓட்டிவிட்டா அடங்கிரும். திண்டுக்கல்ல பாதிக் கேசட்டு அப்பிடித்தான் ஓடும்." ரீசார்ஜுக்கு நின்றவரைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்ப கல்யாணம் பண்ணவுங்க எல்லாம் வேகமாத்தான் வாழ்ந்திருப்பாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெங்களூர்க்காரரின் ரயில் அன்று இரவுதான். அவர் போன் நம்பர் என்னிடம் இருந்தது. கடைக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். உள்ளே போய் ரிசீவரை எடுத்தேன். ஊர்க் குறியீட்டு எண்ணையும் முதல் மூன்று இலக்கங்களையும் அழுத்தினேன். பிறகு வைத்துவிட்டேன். பூத்துக்காரர் "லைன் கெடைக்கலயா?" என்று கேட்டார். "எங்கேஜ்டு" என்றேன்.

ஏன் வைத்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவரை ஏமாற்றிப் புத்தகத்தில் பெயரைப் போட்டுவிட வேண்டும் என்ற தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் அவர் வரவேண்டும் என்றிருந்தது. எங்கள் வீட்டுக்கு, என்னைத் தேடி, ஒரு பெரிய ஆள் ரயிலேறி வரவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும். அப்பா பார்க்க வேண்டும். சொல்வதை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஜங்ஷனில் இறங்கினார். ஒல்லியான மனிதர். தோளில் ஒரு பை, கழுத்தில் பெரிய ஹெட்போன்.

"தம்பி நீங்கதானா? எழுத்தைப் பாத்து நாப்பது வயசு ஆளுன்னு நெனச்சேன்."

ஆட்டோவில் வரும்போது பேசிக்கொண்டே வந்தார். தினமும் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் என் வலைப்பூவைத்தான் திறப்பாராம். ஊருக்குப் போனாலும் எங்காவது ஒரு சென்டரைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிடுவாராம். அவர் மனைவி அதற்காகவே என்னைத் திட்டுவாராம். நான் மலைக்கோட்டையைக் காட்டினேன். அவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி குழல் நுழையும் இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வீடு வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் வாயைத் திறந்தேன். வீடு வந்துவிட்டது.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். வாடகைக்கு எடுத்து வந்த ஒரு நாற்காலி கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"சார், அதுக்கு முன்னாடி ஒன்னு..." என்றேன்.

"மொதல்ல கேட்டுருவோம் தம்பி. ரெண்டு மாசமாத் தூங்கல."

போட்டேன். கண்ணை மூடினார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை; அவர் முகத்தில்தான் பாட்டு ஓடியது. பல்லவி முடிந்த இடத்தில் உதட்டைக் கடித்தார். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலேயே உரக்கச் சொன்னார்: "மூச்சு! இந்த மூச்சு பின்னாடி அவங்களுக்கு இல்லவே இல்ல தம்பி!" மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய அதிசயத்தைக் கண்டுபிடித்தார். அப்பா கதவோரம் நின்று, விருந்தாளி சந்தோஷமாக இருக்கிறார் என்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா தட்டு வைத்தாள். கறிக்குழம்பு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய். இரண்டாவது தடவை சோறு போடும்போது அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீங்கதானேம்மா இந்தக் கேசட்டைப் பதிஞ்சு வாங்கினது? அந்தக் கடைக்காரருக்கு இந்த ரெக்கார்டு எப்படிக் கெடச்சுதுன்னு தெரியுமா? புத்தகத்துல ஒரு வரி போடணும்."

அக்கா கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று சொன்னது நான்தான். பொய் சொல்லு என்று சொல்லவில்லை. அவள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அவன்கிட்டயே கேளுங்க சார்" என்றாள்.

"சார், அது இரண்டாம் பதிவு இல்ல" என்றேன். பட்டையைத் தள்ளியது, பதினைந்து நொடி, அரைக் கட்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு விரல்கள் நின்றுவிட்டன.

"எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலைல சார். நீங்க எறங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு தானாகப் போட்டுக்கொண்ட சட்டை அது. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை, "கொழம்புல உப்புக் கூடவா?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

அவர் கை கழுவினார். பையைத் திறந்து அச்சுத் தாள் கட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடி, பேனாவால் இரண்டு வரியின் மேலும் நேராகக் கோடு இழுத்தார். என் பெயர் கோட்டுக்கு அடியில் போனது. பேனாவை மூடினார்.

"ஏழு வருஷத்துல என் பட்டியல்ல தெரிஞ்சு ஒரு தப்பு கெடையாது தம்பி. இதுவும் போயிருந்தா..." தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் என் தோளைப் பிடித்தார். "ஆனா ஒன்னு. தெரிஞ்ச அன்னைக்கே, தெரிஞ்ச நேரத்துலயே சொல்லிட்டீங்க. இந்தக் கூட்டத்துல எத்தன பேரு சொல்வான்? நன்றி சொல்ற பக்கம் இன்னும் முடியல. அதுல உங்க பேரு இருக்கும். நான் பாத்துக்கறேன்."

அப்பாவுக்கு இது மட்டும் புரிந்தது. "பேரு வரும்ங்கிறாருல்ல?" என்றார் என்னிடம்.

பிற்பகல் இரண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். நாலாம் நம்பரில் நான் அடிக்க, அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "இரண்டாம் ஒலிப்பதிவு என்று ஒன்று இல்லை. நான் தவறாக எழுதிவிட்டேன்" என்று தொடங்கி, ரிக்கார்டிங் கடைகளின் அந்த வழக்கத்தை விளக்கி, பெங்களூரிலிருந்து இரவு ரயிலில் அவர் வந்து கேட்டதையும் சொல்லி, வயலின்காரரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தேன். கடைசி வரியை அவர் படித்துப் பார்த்து, "போதும், அனுப்புங்க" என்றார். அனுப்பியதும் என் கையைக் குலுக்கிவிட்டு, சென்னை ரயிலுக்கு நேரமாகிறது என்று ஆட்டோ பிடித்துப் போனார். நாளைக் காலை அச்சகத்துக்குப் போகும் வழியில் பின்னூட்டங்களைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தேன். முதலில் இரண்டு பேர் வந்தார்கள். "பெரிய மனசு" என்று ஒருவர். "தலை வணங்குகிறேன்" என்று இன்னொருவர். கன்னம் சூடாவதை உணர்ந்தேன். அப்புறம் அரை மணி நேரம் யாரும் வரவில்லை. அவர் ரயில் வடமதுரையைத் தாண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வயலின்காரர் வந்தார். மாதக்கணக்கில் வாயைத் திறக்காதவர்.

"மன்னிப்பு தேவையில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவர் உங்களை நம்பி இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கிறார். அவர் ரயில் ஏறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியுமா, பிறகுதான் தெரிந்ததா?"

திரையில் அதற்குக் கீழே பதில் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் போடாமல் எழுந்து போய்விடலாம். 'பிறகுதான்' என்று போடலாம். உண்மை தெரிந்தவள் அக்கா ஒருத்திதான், அவள் இந்தப் பக்கத்தைப் படிக்கப் போவதில்லை. படிக்கப் போகிறவர் ஒருவர், நாளைக் காலை, நன்றிப் பக்கத்தில் என் பெயரைச் சேர்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால்.

சென்டர் நடத்துகிறவர் தலையை நீட்டி, "தம்பி, ஆள் வெயிட் பண்றாங்க. முடிச்சுக்கிறீங்களா?" என்றார்.

"ஒரு வார்த்தைதான்ண்ணே" என்றேன்.

ஒரு வார்த்தையோடு நிற்கவில்லை. "முன்பே தெரியும். வெள்ளிக்கிழமை மாலையே. அவரிடம் இன்று காலை என்று சொன்னதும் பொய்" என்று அடித்து, வெட்டி, கட்டத்தில் ஒட்டி, அனுப்பினேன். பக்கம் மெதுவாக ஏறியது. என் பெயரும் அதற்குக் கீழே அந்த வரியும் திரையில் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளுக்கு நாற்காலியை விட்டேன்.